விமானத்தை நிறுத்திவைத்துப் படித்த ஆங்கிலம்

ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் 1.05 முதல் 1.40 வரை, தென்கொரியாவில் எந்த விமானமும் ஏறாது, இறங்காது. ஏற்கெனவே வானத்தில் இருப்பவை 3 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே, நாடு முழுக்க ஐந்து லட்சம் சொச்சம் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் வரும் ஆங்கில உரையாடலைக் கேட்டு விடை குறித்துக்கொண்டிருப்பார்கள். சுனுங் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், காதால் கேட்டு எழுதும் பகுதி அது.

ஒரு மொழிப் பாடத்துக்காக ஆகாயத்தையே வாய்மூட வைக்கிற ஊரில் படித்த பிள்ளைகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழக வகுப்பில் போய் உட்கார்ந்ததும் பேசாமடந்தை ஆகிவிடுகிறார்கள். அமெரிக்க, ஆஸ்திரேலியப் பேராசிரியர்களின் பழைய புலம்பல் இது. மாணவர்களைக் கேட்டால் அவர்களும் மறுப்பதில்லை. "படிச்சா புரியுது, பேசத்தான் வரல" என்பார்கள். நமக்கும் எங்கோ கேட்ட வசனம்தான்.

அந்தத் தேர்வைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பாதி விஷயம் பிடிபடும். 70 நிமிடம், 45 கேள்விகள். கேட்டல் பகுதியில் 17 கேள்விகள், சுமார் 25 நிமிடம். மிச்சமிருக்கும் 45 நிமிடத்தில் 28 வாசிப்புக் கேள்விகள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். பத்தியின் நடுவில் ஒரு சொற்றொடரைப் பிடுங்கிவிட்டு அது என்னவென்று கேட்பார்கள். பத்தியைக் குலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்வார்கள். ஒற்றை வாக்கியத்தைத் தனியாகக் கொடுத்து எங்கே செருகலாம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து விடைகள், அதில் ஒன்று சரி. வாய்திறந்து பேசுவதற்கோ சொந்தமாக ஒரு பத்தி எழுதுவதற்கோ ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பேச்சுத் திறனைச் சோதிக்கவென்று சில கேள்விகள் உண்டு. ஒருவர் பேசி நிறுத்துவார். அடுத்தவர் என்ன பதில் சொல்வார் என்பதை ஐந்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சையும் வட்டம் கறுப்பாக்கும் வேலையாக மாற்றியாகிவிட்டது.

கேள்விகள் எளிதா என்றால் அதுவும் இல்லை. 2017 நவம்பர் தேர்விலிருந்து, 100க்கு 90 எடுத்தவர் எல்லோருக்கும் முதல் தரம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்படியும் 2025 நவம்பர் தேர்வில் முதல் தரம் எட்டியவர்கள் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் சட்டச் சிந்தனை பற்றிய ஒரு பத்தியை வைத்து நாடே சண்டை போட்டது. தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தலைவர் டிசம்பரில் பதவி விலகினார்.

பதினெட்டு வயதில் ஆங்கிலத்தில் கான்ட்டைப் படித்துக் கோடிட்ட இடம் நிரப்பிய ஒரு பெண், அமெரிக்காவில் விடுதிக்கு வந்து சேர்ந்த முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் எதிரே வரும் பக்கத்து அறைக்காரி "ஹவ் ஆர் யூ" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறாள். இவள் நின்று, பள்ளியில் படித்தபடி, "ஐ'ம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று முழு வாக்கியத்தையும் ஒப்பிக்கிறாள். கடைசிச் சொல் வருவதற்குள் அவள் மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பாள். இந்த ஒப்பிப்பு கொரியர்களே தங்களைக் கேலி செய்துகொள்ளும் பழைய நகைச்சுவை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது சிரிப்பு வராது. அது கேள்வியா, வணக்கமா, தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று இரவு வரை மண்டையைக் குடையும்.

ஹாக்வொன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. சியோலில் அவற்றை இரவு 10 மணிக்கு மூடவேண்டும் என்று சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். வெளிநாடு போக டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். 2006இல் கொரியாவுக்கு வந்த இணையவழி டோஃபலில் முதல்முறையாகப் பேச்சுப் பகுதி கட்டாயம் ஆனது. அடுத்த ஆண்டு இடம் பிடிக்க மோதியதில் பதிவுத் தளமே படுத்துவிட்டது. பேச்சுக்கும் ஹாக்வொன்கள் வழி கண்டுபிடித்தன. 15 விநாடி யோசித்து 45 விநாடி பேச வேண்டும் என்றால், எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற அச்சு ஒன்றைத் தயாரித்து மனப்பாடம் செய்யவைத்தார்கள். தலைப்பை மட்டும் நடுவில் போட்டால் போதும். மதிப்பெண் வந்தது. பேச்சு வந்ததா என்பது விமானம் ஏறியபிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சரி, வாய்க்கு வருவோம். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி. கொரியர் ஆங்கிலத்தில் ஏன் தடுக்குகிறார் என்பதை நாம் நம் வாயை வைத்தே புரிந்துகொண்டுவிடலாம். 'பஸ்' என்று நிறுத்தாமல் 'பஸ்ஸு' என்கிறோம், 'கேக்கு' என்கிறோம். கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம், ஏறக்குறைய அப்படியே கொரியமொழியில் தனி உயிரெழுத்தாக இருக்கிறது. ஒரே அசைக்குள் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதைக் கொரியமொழி பொறுத்துக்கொள்ளாது. நடுவில் இந்த உயிரைச் செருகிவிடும். ஆங்கிலக்காரருக்கு 'ஸ்ட்ரைக்' ஒரே அசை, ஒரே மூச்சு. கொரியருக்கு அது சு-து-ரா-இ-கு, ஐந்து அசை. ஐந்துக்கும் ஏறத்தாழ ஒரே அழுத்தம். எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்பதை வைத்துச் சொல்லைப் பிடிக்கும் ஆங்கிலக் காதுக்கு இது வேறு சொல்லாகத்தான் கேட்கும்.

'ஃப' இல்லை. அதனால் 'காஃபி' அங்கேயும் காப்பி மாதிரிதான் ஒலிக்கும். காப்பி அடிப்பதையும் காப்பி குடிப்பதையும் ஒரே சொல்லால் சமாளிக்கும் நாம் இதில் சிரிக்க முடியாது. 'ல'வும் 'ர'வும் அவர்களுக்கு ஒரே எழுத்தின் இரண்டு முகம்; உயிர்களுக்கு நடுவில் 'ர', சொல்லின் கடைசியில் 'ல்'. 'ரைட்', 'லைட்' இரண்டையும் எழுதினால் ஒரே எழுத்துக்கூட்டு. இந்த ஒற்றைச் சிக்கலுக்காகக் குழந்தையின் நாக்கு அடியில் கத்தி வைத்த பெற்றோர்கூட உண்டு என்று 2000களின் தொடக்கத்தில் செய்திகள் வந்தன. கொரியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2003இல் தயாரித்த குறும்படத் தொகுப்பில் ஒரு படம் இதைப் பற்றியே. அமெரிக்காவில் பிறந்த கொரியக் குழந்தைகள் எந்தக் கத்தியும் படாமல் 'ர', 'ல' இரண்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை யாராவது அந்தப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

உச்சரிப்பைவிட வழுக்கிவிடுகிற இடம் கொங்லிஷ். ஆங்கிலம் மாதிரியே தோன்றும் கொரியச் சொற்கள் இவை. கடையில் இலவசமாக ஒன்று கூடக் கொடுத்தால் 'சர்வீஸ்'. பையன்களும் பெண்களும் அறிமுகமாகக் கூட்டாகச் சந்தித்தால் 'மீட்டிங்'. தேர்வில் பார்த்து எழுதினால் 'கன்னிங்'. 'சைடர்' என்றால் எலுமிச்சைச் சோடா. அமெரிக்கக் கடையில் கேட்டால் ஆப்பிள் சாறு வரும், இங்கிலாந்தில் கேட்டால் வயதுச் சான்று கேட்பார்கள். இந்தச் சொற்களைத் தெரியாதவர் தடுமாறுவதில்லை. தெரியும் என்று நம்புகிறவர்தான் விழுகிறார், ஏனென்றால் இவை ஆங்கிலம் இல்லை என்ற சந்தேகமே அவருக்கு வந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், 2021 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி கொரியா வழியாக வந்த 26 சொற்களைச் சேர்த்துக்கொண்டபோது 'ஸ்கின்ஷிப்', 'ஃபைட்டிங்' போன்ற கொங்லிஷ் சரக்கும் உள்ளே போய்விட்டது.

வாக்கிய அமைப்பிலும் நமக்கும் அவர்களுக்கும் வியப்பூட்டும் நெருக்கம். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், 'தி' என்ற சுட்டு கிடையாது. 'என் அம்மா' என்பதைவிட 'எங்க அம்மா' என்பதுதான் அங்கேயும் இயல்பு. கணவன்கூட 'எங்க மனைவி' என்பான், ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். "சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமா, சாப்பிடல" என்போம், அவர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் அங்கே 'நோ' வரவேண்டும். "நீ இன்னும் கட்டுரை கொடுக்கலையா?" என்று பேராசிரியர் கேட்க, கொடுக்காத மாணவர் 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார். அவர் கொடுத்துவிட்டதாகப் பதிவாகும். (இந்த ஒற்றுமைகளைப் பார்த்து மயங்கி, கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணம் போட்டார். மொழியியலாளர்கள் உறவை ஏற்கவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன.)

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் தேய்ந்துவிடும் தடைகள். தேயாத ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் கொரிய மாணவரின் மௌனத்துக்கு வேர் அங்கேதான்.

கொரியமொழியில் எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. நமக்கு 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டீங்களா' என்று இரண்டு. அவர்களுக்கு வினைமுற்றில் பல படிகள். வினை மட்டுமல்ல, சோற்றுக்கான சொல்லே மாறும். தோழியிடம் 'பாப்', மரியாதைக்குரியவரிடம் 'ஷிக்சா', தாத்தாவிடம் 'ஜின்ஜி'. ஒரு வயது மூத்தவர்கூட வெறும் பெயரால் அழைக்கப்படுவதில்லை. பெண்ணுக்கு மூத்த பெண் 'ஒன்னி', மூத்த ஆண் 'ஒப்பா'. ஆணுக்கு 'நூனா', 'ஹ்யொங்'. கல்லூரியில் முன்னால் சேர்ந்தவர் 'சொன்பே', பின்னால் வந்தவர் 'ஹூபே'. அதனால்தான் அறிமுகமான சற்று நேரத்திலேயே வயதைக் கேட்கிறார்கள். வம்புக்கு அல்ல, கேட்காவிட்டால் அடுத்த வாக்கியத்தின் வாலை எப்படிப் போடுவது என்று தெரியாது. மூத்தவரை நேரடியாக 'நீ', 'நீங்கள்' என்று சுட்டும் சொல் நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். பேராசிரியரிடம் பேசும்போது "பேராசிரியர் சொன்ன புத்தகம்" என்பார்களே தவிர "நீங்கள் சொன்ன புத்தகம்" வராது.

இப்படி வளர்ந்தவரிடம் ஆங்கிலம் 'யூ' என்ற ஒற்றைச் சொல்லை நீட்டுகிறது. துறைத்தலைவருக்கும் அதுதான், துப்புரவுப் பணியாளருக்கும் அதுதான், பக்கத்து இருக்கைப் பையனுக்கும் அதுதான். போதாக்குறைக்குப் பேராசிரியர் முதல்நாளே "என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்கிறார். பெருந்தன்மையாகத்தான் சொல்கிறார். கேட்பவருக்கோ படிக்கட்டில் பிடித்து நடந்த கைப்பிடியைக் கழற்றி எறிந்தது போல இருக்கிறது. பெயர் சொல்ல நாக்கு வளையாது. பெயர் சொல்லாமல் கூப்பிடவும் வழியில்லை. ஆகவே கூப்பிடுவதே இல்லை. கைதூக்கிக் கேட்க வேண்டிய கேள்வி, வகுப்பு முடிந்தபின் மின்னஞ்சலாகப் போகிறது. அதிலும் முதல் இரண்டு பத்தி மன்னிப்பு.

இதோடு நுன்ச்சி சேர்கிறது. சூழலை முகம் பார்த்தே படித்துவிடும் சாமர்த்தியம் என்று சொல்லலாம். எல்லோருடைய நேரத்தையும் நான் ஒருத்தி எடுத்துக்கொள்ளலாமா, இந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான் புரியவில்லையா, இதைக் கேட்டால் பேராசிரியர் சரியாக விளக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று ஒரு கணத்தில் மூன்று கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு முடிவதற்குள் உரையாடல் இரண்டு பேர் தாண்டிப் போயிருக்கும். அமெரிக்கக் கலந்துரையாடல் வகுப்பில் யாரும் கூப்பிட்டுப் பேச்சைக் கையில் கொடுப்பதில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அடுத்தவர் புகுந்துவிடுகிறார். அப்படிப் புகுவதைக் கொரியப் பள்ளியில் செய்தால், நாம் முந்திரிக்கொட்டை என்போமே, அதற்கு நிகரான பட்டம் உண்டு. அமெரிக்க வகுப்பிலோ முந்திரிக்கொட்டைக்குத்தான் பங்கேற்பு மதிப்பெண்.

மௌனத்துக்கு ஆங்கிலம் மட்டும் காரணமில்லை என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2010 நவம்பரில் சியோலில் ஜி-20 மாநாடு முடிந்து ஒபாமா செய்தியாளர்களைச் சந்தித்தார். விருந்தோம்பிய நாடு என்பதால் கடைசிக் கேள்வியைக் கொரியச் செய்தியாளருக்கு என்று ஒதுக்கினார். யாரும் எழவில்லை. கொரியமொழியிலேயே கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும் என்கிற மாதிரிச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் இல்லை. சீனச் செய்தியாளர் ஒருவர் எழுந்து, ஆசியாவின் சார்பில் நான் கேட்கிறேன் என்று உரிமை கொண்டாட, ஒபாமா மறுபடி கொரியர் பக்கம் திரும்பிக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சீனருக்கே வாய்ப்பைக் கொடுத்தார். கேள்வி கேட்பதே தொழிலாக உள்ளவர்கள், தாய்மொழியில் கேட்க வாய்ப்பிருந்தும் எழவில்லை. மூத்தோருக்கு அடங்கச் சொன்ன பழைய சீன அறிஞர் கன்ஃபூசியஸ் மீது பழிபோட்டு இதை முடித்துவிடுபவர்கள் நிறைய. அது சோம்பேறி விளக்கம். அதே ஆட்கள் இரவு உணவு மேசையில் நண்பர்களோடு அமர்ந்தால் யாருக்கும் பேச இடம் கிடைக்காது. யாருக்கு முன்னால், யார் மதிப்பிடப் பேசுகிறோம் என்பதுதான் விஷயம். வெளிநாட்டு வகுப்பில் கொரியருக்கு மிகவும் கடினமான பார்வையாளர் வெள்ளைக்காரர் அல்ல, அங்கே உட்கார்ந்திருக்கும் இன்னொரு கொரியர். உச்சரிப்பு மோசமானால் அவருக்குத் தெரிந்துவிடும். ரொம்பச் சுத்தமானால் அலட்டுகிறாள் என்பார்.

எழுத்தில் வரும் சிக்கல் வேறு மாதிரி. தொடங்கு, வளர்த்து, திருப்பு, முடி என்ற நாலு கட்ட நடை ஒன்று கிழக்காசியாவில் பழையது. கொரியாவில் அதற்கு 'கி-சுங்-ஜொன்-க்யொல்' என்று பெயர். மூன்றாவது கட்டத்தில் சம்பந்தமில்லாதது போல ஒரு திருப்பம் வரும். சொல்லவந்தது கடைசியில்தான் தெரியும். அமெரிக்கக் கட்டுரைக்கு முதல் பத்தியிலேயே முடிவு வேண்டும். திருப்பம் வந்தால் பேராசிரியர் ஓரத்தில் 'இது எதற்கு?' என்று எழுதுவார். ஜான் ஹைண்ட்ஸ் என்ற மொழியியலாளர் 1987இல் ஒரு நல்ல வேறுபாட்டைச் சொன்னார்: சில மொழிகளில் புரியவைப்பது எழுதுகிறவர் பொறுப்பு, சிலவற்றில் புரிந்துகொள்வது வாசிக்கிறவர் பொறுப்பு. ஆங்கிலத்தை முதல் வகையிலும் ஜப்பானியத்தை அடுத்த வகையிலும் வைத்தார். கொரியமொழியையும் ஜப்பானியத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. இந்த மாதிரி வகைப்பாடுகளைக் கொஞ்சம் உப்பு தூவித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய கொரியப் பள்ளிகளில் அமெரிக்கப் பாணிக் கட்டுரையும் பழக்குகிறார்கள். ஆனாலும், வாசகர் முட்டாள் இல்லையே, எல்லாவற்றையும் ஏன் உடைத்துச் சொல்ல வேண்டும் என்று தயங்கும் ஒரு மாணவருக்கு 'தெளிவில்லை' என்ற குறிப்போடு தாள் திரும்பி வரும்போது, அவருக்குப் பிரச்சினை இலக்கணத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. இல்லாத பிழையைத் தேடி இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்குகிறார்.

எல்லாத் துறையிலும் ஒரே அடி விழுவதில்லை. பொறியியல் ஆய்வகத்தில் சமன்பாடும் வரைபடமும் பாதிப் பேச்சைப் பேசிவிடும். அடி பலமாக விழுவது வணிக மேலாண்மை, சட்டம், சமூகவியல் பக்கம். ஆய்வு மாணவர் இளநிலை வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டி வந்தாலும் சிக்கல்தான். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதற்கு முன் தனியாகப் பேச்சுத் தேர்வு வைக்கின்றன.

நம் பிள்ளைகளுக்கும் உச்சரிப்பு, வினையமைப்பு எல்லாம் இதே தூரம்தானே, அவர்கள் ஏன் இந்த அளவு அடங்கிப்போவதில்லை என்று கேட்கலாம். திறமை வேறுபாடு இல்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டிடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் தொடங்கியதே நமக்குச் செய்தி. பொறியியல் என்றால் ஆங்கிலம் என்றே பழகிவிட்டோம். தப்போ சரியோ, கல்லூரியில் நாலு வருடம் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கொரியாவில் தீர்ப்பு, வங்கிப் படிவம், பொறியியல் பாடநூல் எல்லாம் கொரியமொழி. நாம் மேடையில் மட்டும் பேசும் தாய்மொழிக் கல்வியை அவர்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அன்றாடத்தில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லாததால் அது தேர்வுக்கூடத்தில் மட்டும் வாழும் பிராணி ஆகிவிட்டது. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2000களின் பிற்பாதியில் கைஸ்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்த உத்தரவிட்டு, கொரியப் பேராசிரியர் கொரிய மாணவர்களுக்கு இருதரப்பும் நெளிய நெளிய ஆங்கிலத்தில் விளக்கிய காட்சியைவிட இது மேல்.

வீட்டில் கிடைக்காத ஆங்கிலத்தைச் சின்ன வயதிலேயே வெளியே போய்ப் பிடிக்கலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. பள்ளிப் பருவத்திலேயே வெளிநாடு போன பிள்ளைகள் 2006இல் மட்டும் 29,000க்கு மேல். தாய் கூடப் போவாள், தந்தை சியோலில் தங்கிச் சம்பாதித்து அனுப்புவார். அவருக்கு 'கிரொகி அப்பா' என்று பெயர், வாத்து இனத்துப் பறவையைப் போலப் பருவத்துக்கு ஒருமுறை பறந்துபோய்ப் பார்த்துவருபவர். நினைத்தபோதெல்லாம் டிக்கெட் எடுக்கும் பணக்காரர் கழுகு அப்பா. டிக்கெட்டுக்கே வழியில்லாதவர் பெங்குயின் அப்பா. அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாராளமாக வந்தது. விடுமுறைக்கு வந்தால் பாட்டியிடம் எந்த வினைமுற்றைப் போடுவது என்பதில் சிலருக்குத் தடுமாற்றமும் வந்தது. அந்த அலை இப்போது வடிந்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகளில் 2008-09இல் 75,000 கொரிய மாணவர்கள் இருந்தார்கள். 2023-24இல் 43,000 சொச்சம். அப்போதும் இந்தியா, சீனாவுக்கு அடுத்த மூன்றாம் இடம் அவர்களுக்குத்தான்.

இப்போது போகிறவர்கள் பையில் கொரியாவின் நேவர் நிறுவனத்தின் பாப்பகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. எஸ்பெரான்டோ மொழியில் பாப்பகோ என்றால் கிளி. கொரியமொழியில் யோசித்து, கிளியிடம் கொடுத்து, வேறொரு செயற்கை நுண்ணறிவிடம் மெருகேற்றினால் பிழையே இல்லாத ஆங்கிலக் கட்டுரை தயார். அதைக் கொடுத்துவிட்டு வகுப்பில் உட்காருபவரைப் பார்த்துப் பேராசிரியர் குழம்புகிறார்: இவ்வளவு நன்றாக எழுதுகிற பெண் ஏன் ஒரு வார்த்தை பேசுவதில்லை? முன்பு மௌனத்தைப் பார்த்து ஆங்கிலம் போதாது என்று இரங்கினார்கள். இப்போது அதே மௌனத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள்.

பேச்சு வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் மதிப்பெண் இல்லாத இடத்தில்தான் வருகிறது. விடுதியின் பொதுச் சமையலறையில் குக்கர் யாருடையது என்ற தகராறில். கடையில் பகுதிநேர வேலையில், வரிசை நீண்டு வாடிக்கையாளர் பொறுமை இழக்கும்போது. அங்கே 'யூ' யாரைக் குறிக்கிறது என்று யோசிக்க நேரமில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்தப் பெண் வகுப்பிலும் இடைவெளி பார்த்துப் புகக் கற்றுக்கொண்டிருப்பாள்.

பட்டத்தோடு ஊர் திரும்பி வேலைக்கு விண்ணப்பித்தால், டோயிக் என்ற அலுவலக ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் எங்கே என்பார்கள். இப்போது பல நிறுவனங்கள் தனியாகப் பேச்சுத் தேர்வும் கேட்கின்றன என்றாலும் 990க்கு எவ்வளவு என்ற பழைய கேள்வி போய்விடவில்லை. அந்த மதிப்பெண்ணின் ஆயுள் 2 ஆண்டு என்பதால், புறப்படும் முன் எழுதியது செல்லாது. நாலு வருடம் ஆங்கிலத்திலேயே வாழ்ந்துவிட்டு வந்தவள் மறுபடி பென்சில் சீவிக்கொண்டு போய் உட்கார வேண்டும். கேட்டலில் 100, வாசிப்பில் 100, மொத்தம் 200 கேள்விகள். எல்லாமே வட்டம் கறுப்பாக்குவது.